பூஞ்சை பிடித்த மக்காச்சோளம்: காயவைப்பதா, பைண்டர் போடுவதா, குழியில் கொட்டுவதா?

கார்த்திகை மாதம் ஒரு காலை, என் பன்றிப் பண்ணையின் தீவன அறைக்கு மூட்டை தூக்கப் போன பையன் அங்கிருந்தே கத்தினான். "அண்ணா, அடி மூட்டை சுடுதுங்க." போய் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். மேலே குளிர்ச்சி. முழங்கை வரை இறங்கியதும் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல ஒரு வெதுவெதுப்பு. ஒரு கைப்பிடி அள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால், மணியின் நுனியில், கதிரோடு ஒட்டியிருக்கும் அந்த இடத்தில், மஞ்சள் கலந்த பச்சைப் பொடி. நாலைந்து மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன. நனைந்த பழைய சாக்கின் வாடை.

6 டன் சரக்கு. கிலோ 21 ரூபாய், அப்போது சந்தையில் காய்ந்த மக்காச்சோளம் 23. "ஈரம் கொஞ்சம் இருக்கு, ஒரு வெயில் போட்டா சரியாயிடும்" என்று வியாபாரி சொன்னார். அந்த வாரம் வெயிலே வரவில்லை, சிமெண்ட் தரையில் சுவரை ஒட்டி அடுக்கி வைத்தது என் தப்பு. 1,26,000 ரூபாய் சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எனக்குக் கிடைத்த தெளிவைத்தான் இங்கே எழுதுகிறேன். வெண்பன்றி வளர்க்கிறவர்களுக்கு இந்த முடிவு வருடத்துக்கு ஒரு முறையாவது வந்தே தீரும், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில் மக்காச்சோளம் வாங்குகிற இராசிபுரம், ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்து ஆட்களுக்கு.

முதலில் ஒரு விஷயம். பூஞ்சை வேறு, அது விட்டுவைக்கும் நச்சு வேறு. பூஞ்சையைக் கொன்றுவிடலாம், நச்சு அப்படியே நிற்கும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும் மணியிலும் நச்சு இருக்கலாம், பச்சை பிடித்த மணியில் நச்சு குறைவாகவும் இருக்கலாம். கண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதுதான் இதில் பெரிய தொல்லை. மாட்டுக்கு இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் சில நச்சுகளை ஓரளவு உடைத்துவிடும். பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு, உள்ளே போனது நேராகக் குடலுக்கும் ஈரலுக்கும் போகும்.

நம் ஊர் வெப்பத்துக்கு முதல் எதிரி அஃப்ளாடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்குவது, 25 முதல் 35 டிகிரி வெப்பமும் ஈரமும் இருந்தால் போதும், அதாவது மழைக்கால நாமக்கல் மாவட்டத் தீவன அறை. ஈரலைத் தாக்கும், வளர்ச்சி நின்றுபோகும், முடி சிலிர்த்து நிற்கும், நோய் எதிர்ப்பு குறைந்து போட்ட தடுப்பூசியே சரியாகப் பிடிக்காமல் போகும். பால் கொடுக்கும் தாய்ப்பன்றி தின்றால் பால் வழியாகக் குட்டிக்கும் போகும். அடுத்தது ஃபுமோனிசின், மக்காச்சோளத்துக்கே உரியது என்று சொல்லலாம், அளவு மிஞ்சினால் பன்றிக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறிச் சாகும். ஜியரலெனோன் என்று ஒன்று, பெண் ஹார்மோன் போலவே வேலை செய்யும். இரண்டரை மாதப் பெண் குட்டிக்குப் பருவத்துக்கு வந்தது போல அடிப்பக்கம் சிவந்து வீங்கி நின்றால் குட்டியை ஆராயாதீர்கள், தீவனத்தை ஆராயுங்கள். தாய்ப்பன்றி சினை பிடிக்காமல் திரும்பத் திரும்ப வருவது, சினையே இல்லாமல் பருவத்துக்கு வராமல் நிற்பது, இதற்கெல்லாம் பின்னால் அது இருக்கலாம். டான் என்று சுருக்கிச் சொல்லும் இன்னொன்று வாந்தி எடுக்க வைக்கும், பன்றி தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் எழுதியதைப் படித்தால் முக்கால்வாசி இந்த டான் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் அது குளிர்ந்த ஈரமான வயலில் வருவது. அந்த ஆலோசனைகளை அப்படியே எடுத்து நம் பண்ணையில் வைக்காமல் இருப்பது நல்லது.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் ஒப்பிட முடியாது. பிபிபி என்பது ஒரு டன்னில் ஒரு மில்லிகிராம். அமெரிக்காவில் அஃப்ளாடாக்சினுக்கு வைத்திருக்கும் வரம்பு இளம் பன்றிக்கு 20 பிபிபி, இனப்பெருக்கப் பன்றிக்கு 100, சுமார் 45 கிலோவுக்கு மேல் உள்ள கொழுக்க வைக்கும் பன்றிக்கு 200. ஐரோப்பாவில் கடுமை, பன்றியின் கலப்புத் தீவனத்துக்கு 20, குட்டிகளுக்கு அதிலும் குறைவு. ஜியரலெனோனுக்கு அங்கே குட்டிக்கும் இளம் பெண் பன்றிக்கும் 100 பிபிபி, தாய்ப்பன்றிக்கும் கொழுக்க வைப்பதற்கும் 250. இந்த எண்களை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். ஒரே மக்காச்சோளம், ஒரு பன்றிக்கு விஷம், இன்னொரு பன்றிக்குச் சமாளிக்கக்கூடிய தீவனம். நான் எடுத்த முடிவெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. "இந்தச் சரக்கைப் போடலாமா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "யாருக்குப் போடலாம், எவ்வளவு நாளைக்குப் போடலாம்" என்று கேட்க ஆரம்பித்தேன்.

சரி, யோசனைகளுக்கு வருகிறேன்.

வேகவைத்துப் போடு என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர். ஹோட்டல் கழிவு வாங்குகிறவர்களுக்கு எதையும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைக்கும் பழக்கம் உண்டு, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020ல் அசாம் பக்கம் வந்த பிறகு அது இன்னும் அவசியமாகிவிட்டது. வைரஸுக்கு அது சரி. அஃப்ளாடாக்சின் உடைய 230 டிகிரிக்கு மேல் வேண்டும், தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். வேகவைத்தால் பூஞ்சை சாகும், வாடை போகும், வாடை போனதால் பன்றியும் ஆசையாகத் தின்னும், நச்சு முழுசாக உள்ளே போகும். வேகவைக்காமல் இருப்பதை விட இது மோசம் என்பது என் கருத்து, குறைந்தது அந்த வாடையாவது பன்றியை எச்சரிக்கும். குச்சித் தீவனமாக்கினால் சரியாகிவிடும் என்பதும் இதே கதைதான், அந்த இயந்திரத்தின் சூடு 80, 90 டிகிரி.

காயவைத்துச் சலிப்பது இரண்டாவது. இதைப் பலரும் சாதாரணமாக நினைக்கிறார்கள், எனக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான். நச்சு ஒரு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. உடைந்த மணி, சுருங்கிய மணி, வண்டு துளைத்த சொத்தை, தூசி, உமி, இவற்றில்தான் அடர்த்தியாக உட்கார்ந்திருக்கும். நல்ல மணியைத் தாங்கி உடைந்ததைக் கீழே விடும் கம்பிச் சல்லடையில் ஒரு முறை சலித்து, காற்றில் தூற்றினாலே கணிசமாகக் குறையும். சலித்து விழுந்த குருணையை வீணாக்க மனசு வராமல் அதையே குட்டிகளுக்கு அரைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்க மாவு போல மென்மையாக இருக்கிறதே என்று. தயவுசெய்து வேண்டாம், மூட்டையிலேயே மோசமான பங்கு அதுதான். தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளி எறிவதும் பழைய முறை, கெட்ட மணி இலேசாகி மிதக்கும். ஆனால் நனைத்ததை அன்றே போட்டுத் தீர்க்க வேண்டும், பத்துப் பன்றி வைத்திருக்கிறவருக்கு அது முடியும், எனக்கு முடியாது. சலிக்கிற ஆள் முகத்தில் துணி கட்டிக்கொள்ளட்டும், அந்தத் தூசி மனிதனுக்கும் ஆகாது.

வெயிலில் காயவைப்பது நச்சைக் குறைக்காது, மேலும் சேராமல் நிறுத்தும், அவ்வளவுதான். அதற்காகவாவது முதல் நாளே செய்ய வேண்டும். சாலையில் கொட்டாதீர்கள், வண்டிச் சக்கரம் ஏறி உடைந்த ஒவ்வொரு மணியும் பூஞ்சைக்குத் திறந்த கதவு. தார்ப்பாய் விரித்து, இரண்டு விரல் கனத்துக்கு மேல் பரப்பாமல், மணிக்கு ஒரு தடவை கிளறிவிட்டால் நல்ல வெயிலில் இரண்டு நாளில் ஈரம் 13 சதவீதத்துக்கு வந்துவிடும்.

மூன்றாவது, எல்லோரும் முதலில் சொல்வது, டாக்சின் பைண்டர், அதாவது தீவனத்தில் கலந்து நச்சைப் பிடித்து வெளியேற்றும் பொருள். நாமக்கல்லில் கோழிப் பண்ணைகள் இருப்பதால் இந்த வார்த்தை தெரியாத தீவனக் கடையே கிடையாது. "ஒரு டன்னுக்கு ரெண்டு கிலோ போடுங்க, எதுவும் ஆகாது" என்பார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு பொருளின் மேல் உள்ள நம்பிக்கையில்தான் கெட்ட சரக்கை எல்லோரும் தைரியமாக வாங்குகிறார்கள். களிமண் வகை பைண்டர், பென்டோனைட் போன்றவை, அஃப்ளாடாக்சினை நன்றாகவே பிடிக்கும். தட்டையான மூலக்கூறு அது, களிமண்ணின் அடுக்குகளுக்கு இடையில் போய் ஒட்டிக்கொண்டு சாணியோடு வெளியே வந்துவிடும். 2013ல் ஐரோப்பிய ஒன்றியம் பென்டோனைட்டை இந்தக் காரியத்துக்கென்றே அனுமதித்தது, பன்றி, கோழி, மாடு மூன்றுக்கும், டன்னுக்கு 20 கிலோவுக்கு மிகாமல். ஆனால் அந்த அனுமதி அஃப்ளாடாக்சினுக்குத்தான். டானை இந்தக் களிமண் தொடுவதே இல்லை எனலாம், ஜியரலெனோன், ஃபுமோனிசின் மேல் அதன் பிடி பலவீனம். ஈஸ்ட் செல் சுவர் வகை ஜியரலெனோனை ஓரளவு பிடிக்கும். ஃபுமோனிசினையும் ஜியரலெனோனையும் உடைக்கும் நொதிகள் வந்திருக்கின்றன, வேலை செய்கின்றன, விலை அதிகம். கரி எல்லாவற்றையும் பிடிக்கும், வைட்டமினையும் சேர்த்து. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இன்று வரை நச்சைப் பிடிக்கும் என்ற உரிமைகோரலோடு எந்தப் பைண்டரையும் அங்கீகரிக்கவில்லை, அங்கே இந்தக் களிமண் தீவனம் கட்டி தட்டாமல் இருக்கப் போடும் பொருளாகத்தான் விற்கிறது. அதனால் பையின் மேல் "எல்லா நச்சுகளுக்கும்" என்று அச்சடித்திருந்தால் எந்த நச்சுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

அளவும் முக்கியம். பன்றியில் களிமண்ணை வைத்து நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் டன்னுக்கு 5 கிலோ போட்டிருக்கிறார்கள், கடையில் சொல்வது ஒன்று அல்லது இரண்டு. இன்னொன்று, போர்வெல்லுக்கும் எர்த்திங் குழிக்கும் விற்கும் பென்டோனைட் மலிவு என்று அதை வாங்கிக் கலக்கலாமா என்று என்னிடமே ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. 1997ல் அமெரிக்காவில் சோயா புண்ணாக்கில் கலந்த ஒரு களிமண்ணில் டையாக்சின் என்ற கடும் நச்சு இருந்து, கோழி, மீன் வரை போய்ச் சேர்ந்தது. தீவனத் தரம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

பைண்டரோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு பொருள் புரோப்பியானிக் அமிலமும் அதன் உப்புகளும். இவை பூஞ்சை வளராமல் தடுக்கும், ஏற்கெனவே இருக்கும் நச்சை ஒன்றும் செய்யாது. நல்ல சரக்கு, ஈரம் கொஞ்சம் தூக்கல், வெயில் இல்லை என்ற நிலையில் முதல் நாளே அடித்தால் காப்பாற்றும். பச்சை பிடித்த பிறகு அடிப்பது திருடன் போன பிறகு கதவைச் சாத்துவது.

நல்ல மக்காச்சோளத்தோடு கலந்து நச்சின் அளவைக் குறைப்பது அடுத்த யோசனை. காகிதத்தில் கணக்கு அழகாக வரும். 90 பிபிபி உள்ள சரக்கு ஒரு பங்கு, நல்லது மூன்று பங்கு, சராசரி 22 சொச்சம், தீவனத்தில் மக்காச்சோளம் 60 சதவீதம் என்றால் கடைசியில் 14 பிபிபி. இந்தக் கணக்கு நிற்க வேண்டுமென்றால் அந்த 90 உண்மையாக இருக்க வேண்டும், கலவை சமமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கெட்ட மணியில் ஆயிரக்கணக்கான பிபிபி இருக்கும், அது எந்தத் தொட்டியில் விழுகிறது என்பது யார் கையிலும் இல்லை. ஐரோப்பாவில் வரம்பு தாண்டிய சரக்கைக் கலந்து சரிக்கட்டுவதையே சட்டம் தடுக்கிறது. நான் கலப்பதை முழுக்க எதிர்க்கவில்லை, காயவைத்து, சலித்து, சோதித்த பிறகு, அந்த வாரத்துக்கு அரைக்கும் அளவை மட்டும் கலக்கலாம். ஈரச் சரக்கையும் காய்ந்ததையும் ஒரே குவியலாகக் கொட்டி வைப்பவருக்கு ஆறு டன் பிரச்சினை பத்து டன் பிரச்சினையாகும்.

மாட்டுக்குப் போட்டுவிடலாம், கோழிக்காரருக்குக் கொடுத்துவிடலாம், கிலோ 15க்கு யாராவது வாங்கிக்கொள்வார்கள், இப்படியும் சொன்னார்கள். கறவை மாடு தின்ற அஃப்ளாடாக்சினில் ஒரு பங்கு எம்1 என்ற மாறிய வடிவத்தில் பாலில் வரும், நம் நாட்டு உணவுத் தரச் சட்டத்தில் பாலுக்கு லிட்டருக்கு அரை மைக்ரோகிராம் அளவில்தான் வரம்பு, அந்தப் பாலை முதலில் குடிப்பது வீட்டுக் குழந்தை. வாத்து இந்த நச்சைத் தாங்கவே தாங்காது. விற்கிற யோசனை எனக்கு வந்தது உண்மை, 90,000 ரூபாய் கைக்கு வரும். ஆனால் மலிவு மக்காச்சோளம் எந்த மாவு மில்லில் போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? 1974ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பான்ஸ்வாரா, பஞ்சமஹால் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூறு பேருக்கும் மேல் ஈரல் கெட்டு இறந்துபோனார்கள். வீட்டு நாய்களும் செத்தன. அதைப் படித்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குழியில் கொட்டுவது. எதுவுமே தெரியாத நிலையில் பாதுகாப்பானது இதுதான், வலிப்பதும் இதுதான். முழுசையும் கொட்டச் சொல்லும் ஆலோசனையை யாரும் கேட்பதில்லை என்பதால் நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. சூடேறிய, கட்டி பிடித்த, பச்சை தெரிகிற மூட்டைகளை மட்டும் பேரம் பேசாமல் கொட்டுங்கள்.

ஆனால் இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது சோதனை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனப் பகுப்பாய்வுக்கும் தர உறுதிக்கும் ஆய்வகம் இருக்கிறது, கோழிக்காரர்கள் தினம் போகிற இடம், பன்றிக்காரர்கள் நாம்தான் அதிகம் போவதில்லை. இரண்டு மாதிரிக்கு நான் கொடுத்தது ஒரு குட்டியின் விலைக்குள் அடங்கியது. சோதனை எவ்வளவு துல்லியமோ அதை விட மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும், தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. மேல் மூட்டையில் ஒரு கை அள்ளிக் கவரில் போட்டால் ஒரு லட்ச ரூபாய் முடிவை ஒரு கைப்பிடியிடம் ஒப்படைக்கிறீர்கள். நான் செய்தது, மேல், நடு, அடி என்று இருபது மூட்டைகளில் குத்தூசியால் எடுத்து ஐந்து கிலோ சேர்த்து, மொத்தத்தையும் அரைத்து, அந்த மாவை நன்றாகக் கலக்கி, அதிலிருந்து அரைக் கிலோ. அடி வரிசை மூட்டைகளுக்குத் தனி மாதிரி.

அடி வரிசை மாதிரியில் அஃப்ளாடாக்சின் 200 பிபிபியைத் தாண்டி வந்தது. மேலே இருந்ததைக் காயவைத்துச் சலித்த பிறகு எடுத்த மாதிரியில் 38. ஒரே லாரி, ஒரே வயல், வித்தியாசம் செய்தது அடி மூட்டைகள் தரை ஈரத்தில் கிடந்த பன்னிரண்டு நாளும், மேலே இருந்ததைக் காயவைத்துச் சலித்ததும். ரிப்போர்ட் வரும் வரை எந்தப் பன்றிக்கும் அதைப் போடவில்லை, அரிசிக் குருணை வாங்கி ஓட்டினேன்.

பிறகு எடுத்த முடிவு இது. அடி வரிசையில் ஒன்றரை டன், சலித்து விழுந்த 250 கிலோ, இரண்டையும் குழி வெட்டிக் கொட்டி மண் மூடினேன், சுமார் 37,000 ரூபாய். மீதியை 50 கிலோ தாண்டிய விற்பனைப் பன்றிகளுக்கு மட்டும், தீவனத்தில் பாதி, மற்ற பாதியில் சோயா புண்ணாக்கு, தவிடு, அரிசிக் குருணை, தாது உப்பு. அப்படியானால் மொத்தத் தீவனத்தில் 19 பிபிபி. டன்னுக்கு 5 கிலோ களிமண் பைண்டர், புரதத்தைக் கொஞ்சம் கூட்டி, வைட்டமின் ஈ, செலினியம் சேர்த்து, ஏனென்றால் இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது, ஈரலுக்குக் கை கொடுப்பது மட்டும்தான் நம்மால் முடிவது. விற்பதற்கு முந்தைய மூன்று வாரம் அதையும் நிறுத்திச் சுத்தமான தீவனம், மனிதர்கள் ஈரலையும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். தாய்ப்பன்றி, இளம் பெண் பன்றி, குட்டி, கிடா யாருக்கும் ஒரு கிலோ கூட இல்லை. வளர்ச்சியில் ஒன்றும் பெரிய அடி விழவில்லை. பைண்டர் காப்பாற்றியதா, சலித்ததா என்று கேட்டால், முதலில் சலித்தது என்பேன்.

இனி எப்படி வாங்குவது என்பதுதான் இதை விடப் பெரிய முடிவு. ஈர மக்காச்சோளத்தை மலிவாக வாங்குவதன் கணக்கை உட்கார்ந்து போட்டபோது எனக்கே அதிர்ச்சி. 18 சதவீத ஈரம் உள்ள 1,000 கிலோ, 13க்குக் காய்ந்தால் 942 கிலோதான். 21 ரூபாய் என்று வாங்கியது உண்மையில் 22 ரூபாய் 28 காசு. 2 ரூபாய் லாபம் என்று நினைத்தது 72 காசு. அந்த 72 காசுக்குள் காயவைக்கும் கூலியும் மழையும் பூஞ்சையும் அடங்க வேண்டும்.

முழுக்கக் கம்பெனித் தீவனத்துக்கு மாறுவதா? என் பண்ணைக் கணக்கில் சொந்தக் கலவையை விடக் கிலோவுக்கு 7 ரூபாய் கூடுதல். ஒரு பன்றி விற்பனைக்கு வருவதற்குள் 230 கிலோ தின்னும், அதற்கே 1,600 ரூபாய் போய்விடும். அவர்களும் இதே பருவத்தில் இதே மக்காச்சோளத்தைத்தான் வாங்குகிறார்கள், வித்தியாசம், சோதித்து வாங்க ஆள் வைத்திருக்கிறார்கள். பால் மறந்த குட்டி 20 கிலோ வருவதற்குள் தின்பது கொஞ்சம்தான், கூடுதல் செலவு குட்டிக்கு 200 ரூபாய், நச்சு அதிகம் தாக்குவதும் அந்த வயதைத்தான். அதனால் குட்டிக்குக் கம்பெனித் தீவனம், அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. தாய்ப்பன்றிக்கு அது கட்டாது, வருடத்துக்கு ஒன்று ஒரு டன் தின்னும், பதினைந்து தாய்க்கு லட்ச ரூபாய் கூடுதல். அவற்றுக்கு தை, மாசியில் நன்றாகக் காய்ந்து வரும் மக்காச்சோளத்தைச் சோதித்து வாங்கித் தனியாகக் காற்றுப் புகாத பைகளில் கட்டி வைக்கிறேன். உள்ளே கனத்த பிளாஸ்டிக் உறை, வெளியே சாக்கு, வாயை முறுக்கிக் கட்டினால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து வண்டும் பூஞ்சையும் அடங்கிவிடும். காயாததை அதில் கட்டினால் ஊறுகாய்தான், 13க்குக் கீழே வந்த பிறகுதான் கட்ட வேண்டும்.

மாற்றுத் தானியங்களைப் பற்றியும் சுருக்கமாக. தீட்டிய அரிசிக் குருணை இந்த விஷயத்தில் நம்பகமானது, விலை ஒத்துவந்தால் தாய்ப்பன்றிக்கு நான் தயங்காமல் போடுவேன். தவிடு அப்படியில்லை. கம்பு நல்லதுதான், ஆனால் தேன் ஒழுகல் நோய் வந்த கதிரில் கருப்பாக நீண்ட கட்டிகள் இருக்கும், அது கலந்த கம்பைத் தின்ற தாய்ப்பன்றிக்குப் பால் வற்றும், குட்டிகள் பசியில் சாகும், கை நிறைய எடுத்துக் கருப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடலைப் புண்ணாக்கை நான் நிறுத்தி நாளாகிறது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் சாகக் காரணமானது பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான், அஃப்ளாடாக்சின் என்று ஒன்று இருப்பதே அதில்தான் தெரிய வந்தது. தேங்காய்ப் புண்ணாக்கும் அதே சந்தேகப் பட்டியல். சேகோ ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிச் சக்கை, சேலம், நாமக்கல் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது, ஈரமாக வாங்கினால் மூன்றாம் நாள் பூத்துவிடும், காய்ந்ததை மட்டும் வாங்குகிறேன், விற்பனைப் பன்றிக்கு மட்டும். மக்காச்சோளத்தில் எத்தனால் எடுத்த சக்கை இப்போது நிறைய வருகிறது, புரதம் நன்றாக இருக்கிறது, ஆனால் மாவுச்சத்து போய்விடுவதால் மணியில் இருந்த நச்சு மூன்று மடங்கு அடர்த்தியாகச் சக்கையில் நிற்கும். சோதனைச் சீட்டு இல்லாமல் தொடுவதில்லை.

தீவன அறையில் இப்போது மரப்பலகை போட்டுத் தரையிலிருந்து ஒரு சாண், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குகிறோம். அரைத்தது ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதில்லை, முழு மணி தாங்குவதை மாவு தாங்காது. தொட்டியின் மூலையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய தீவனத்தைச் சனிக்கிழமை தோறும் சுரண்டிக் கழுவுகிறோம், நல்ல தீவனம் போட்டும் பன்றி சோர்ந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

ஈரப்பதமானி வாங்கும் வரை ஒரு பாட்டிலும் உப்பும்தான் என் கருவி. நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மக்காச்சோளம், இரண்டு மூன்று ஸ்பூன் வறுத்து ஆறிய உப்பு, மூடி நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. இந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் அதே வியாபாரி லோடு கொண்டுவந்து நிறுத்தினார். லாரியின் பின்கதவுப் பலகையிலேயே பாட்டிலை வைத்துக் குலுக்கிவிட்டு, இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். கண்ணாடி முழுக்க வெள்ளையாக அப்பியிருந்தது. "போன வருஷம் வாங்கினீங்களே?" என்றார். ஆமாங்க, வாங்கினேன் என்றேன், குழி இருந்த இடத்தைக் காட்டினேன்.

தையில் வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.